இன்னொரு ஊரின் மைதானம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத் துண்டு ஏறிவிடும். உள்ளூர் நாளிதழில் வரும் கால்பந்துப் புள்ளிப் பட்டியலைக் கத்தரித்து, மேலே இருக்கும் பதினெட்டு அணிகளையும் குப்பையில் போட்டுவிட்டு, அடியில் கிடக்கும் ஆறு அணிகளை மட்டும் ஒட்டிவைப்பார். ஓரத்தில் நீலப் பேனாவால் பொடி எழுத்தில் கணக்கு: இவர்களுக்கு இன்னும் நான்கு ஆட்டங்கள், அவர்களுக்கு ஐந்து, இவர்கள் இரண்டை வென்று, அவர்கள் ஒன்றில் சமன் செய்தால்... அடித்திருப்பார், திருத்தியிருப்பார், அடித்ததன் மேலேயே மறுபடி எழுதியிருப்பார். பேரனின் பள்ளிக்கூடப் புகைப்படம் அந்தத் துண்டுக்கு இடம்விட்டு ஓரமாக நகர்ந்திருக்கும்.

மனைவிக்கு வேலை கிடைத்ததால் 2012-இல் கார்லைலுக்குக் குடிவந்தோம். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். வந்த முதல் மாதமே பெரியவர் என்னைப் புரன்டன் பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போனார். பேடக் என்று அங்கே ஒரு பகுதி உண்டு. இருக்கை கிடையாது, படிகளில் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். இரும்புக் கம்பி ஒன்றைக் காட்டி, "இது என் இடம், மர்ரா. இனி இதற்குப் பக்கத்துக் கம்பி உன்னுடையது" என்றார். மர்ரா என்பது கம்ப்ரியா மாவட்டத்துச் சொல். நண்பன், கூட்டாளி, உடன் உழைப்பவன் எல்லாம் அதற்குள் அடக்கம். அன்றிலிருந்து அந்தக் கம்பி என்னுடையதுதான்.

இங்கிலாந்துக் கால்பந்து என்றதும் நம்மவர்களுக்கு மான்செஸ்டரும் லிவர்பூலும் ஆர்சனலும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் ஆடும் பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று அடுக்குகள். அடுக்குக்கு 24 அணிகள். ஆக மொத்தம் 92. பல தலைமுறைகளாக இங்கே 'லீக்' என்றால் இந்த 92 அணிகள்தான். லீக் டூவில் கடைசி இரண்டு இடங்களில் முடிக்கும் அணிகள் அந்த வட்டத்தை விட்டே வெளியேறி நேஷனல் லீக்குக்குப் போகின்றன. நமக்குப் பழக்கமான ஐபிஎல்-இல் கடைசி இடம் பிடித்த அணி அடுத்த ஆண்டும் அதே பெயரோடு அதே மேடையில் ஆடும். இங்கே ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை 46 ஆட்டங்கள். அதன் முடிவில் ஓர் ஊர் தன் இடத்தையே இழந்துவிடலாம்.

வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமனுக்கு ஒன்று. புள்ளிகள் சமமாகிவிட்டால் கோல் வித்தியாசம். விதி இவ்வளவு எளிமையாக இருந்தும் ஏப்ரல் மாதத்தில் ஊரே கணக்கு வாத்தியாராக மாறிவிடும். கையில் ஓர் ஆட்டம் கூடுதலாக இருப்பது நல்லதா, புள்ளிகள் ஏற்கெனவே பெட்டியில் விழுந்திருப்பது நல்லதா என்று முடிதிருத்தும் கடையில் வாக்குவாதம் நடக்கும். ஈஸ்டர் வந்தால் வெள்ளிக்கிழமை ஓர் ஆட்டம், திங்கட்கிழமை ஓர் ஆட்டம். நான்கு நாட்களில் ஆறு புள்ளிகள் வரலாம், ஆறும் போகலாம். தங்களைப் போலவே அடியில் தத்தளிக்கும் அணியோடு மோதும் ஆட்டத்துக்கு 'ஆறு புள்ளி ஆட்டம்' என்று பெயர். நமக்கு மூன்று கிடைக்கும்போது அவர்களுக்கு மூன்று கிடைக்காமல் போகிறது அல்லவா, அதனால்.

இந்தக் கணக்கில் மெல்ல மெல்ல ஒன்று புலப்படும். நம் அணியின் ஆட்டம் பாதிதான். மறுபாதி வேறு ஏதோ ஊரில், நாம் பார்க்கவே முடியாத ஒரு மைதானத்தில் நடக்கிறது. கடைசி நாளன்று எல்லா ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். பெரியவர் கண்ணால் புரன்டன் பார்க்கைப் பார்ப்பார். காதில் ரேடியோ வேறு ஊரில் இருக்கும். அந்த ஊரிலும் ஒரு பெரியவர் இப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்பதை நான் வெகுகாலம் யோசித்துப் பார்த்ததில்லை.

கார்லைலில் யாரைக் கேட்டாலும் ஒரு தேதி சொல்வார்கள்: 1999 மே 8. அப்போது லீக்கிலிருந்து ஓர் அணி மட்டுமே கீழே இறங்கும். அந்த ஒன்று கார்லைலா, யார்க்ஷயர் கடற்கரையில் இருக்கும் ஸ்கார்பரோவா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிட வேண்டும். 1928 முதல் லீக்கில் இருந்த அணி கார்லைல். 1974-இல் அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷனுக்கே ஏறி, முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று இங்கிலாந்தின் உச்சியில் சில நாள் உட்கார்ந்திருந்த அணி. அன்று 92 அணிகளில் கடைசி அணியாக நின்றது.

அந்த சீசனில் கோல்கீப்பருக்கே பஞ்சம். இருந்தவரை விற்றுவிட்டார்கள், இரவலாக வந்தவரை அவருடைய கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது. இரவல் வாங்குவதற்கான கெடு முடிந்துபோயிருந்ததால் லீக்கிடம் தனி அனுமதி பெற்று ஸ்விண்டன் டவுனிலிருந்து ஜிம்மி கிளாஸ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். மொத்தமே மூன்று ஆட்டங்களுக்குத்தான் அவர் இங்கே இருந்தார். மே 8 அதில் மூன்றாவது.

எதிரணி பிளிமத். நாட்டின் தென்மேற்கு முனையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் பெறவும் இழக்கவும் ஒன்றுமில்லை. இருந்தும் இடைவேளைக்குப் பின் முதல் கோலை அடித்தார்கள். டேவிட் பிரைட்வெல் தூரத்திலிருந்து உதைத்துச் சமன் செய்தார். ஸ்கார்பரோவில் பீட்டர்பரோவுக்கு எதிராக அந்த ஆட்டமும் ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் கார்லைலுக்கு 47 புள்ளிகள், ஸ்கார்பரோவுக்கு 48. தொண்ணூறு நிமிடம் கடந்தும் அப்படியேதான் இருந்தது.

கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ஒரு கார்னர். கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து எதிர்க் கோல் முன் போய் நின்றார். பந்து வந்தது, ஸ்காட் டோபி தலையால் முட்டினார், பிளிமத் கோல்கீப்பர் தட்டிவிட்டார், தட்டிய பந்து கிளாஸின் வலது காலுக்கு முன்னால் விழுந்தது. கோல். பார்வையாளர்கள் வேலி தாண்டிக் களத்துக்குள் பாய்ந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்தி ஆட்டத்தை மறுபடி தொடங்கி வைத்தவுடன் விசில் ஊதப்பட்டது. கார்லைல் 49, ஸ்கார்பரோ 48.

பெரியவர் இதை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போது பந்து எழும்பிய இடத்தை ஆள்காட்டி விரலால் காற்றில் குத்திக் காட்டுவார். பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்ததில் மூக்குக்கண்ணாடி உடைந்துபோனதாம். உடைந்த அந்தக் கண்ணாடியை இன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். ஒரு காம்பு இல்லை. இடது வில்லையில் குறுக்கே ஒரு கீறல். ஒருநாள் என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கோவில் பிரசாதத்தை வாங்குவது போல இரு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்று ஸ்கார்பரோவில் என்ன நடந்தது என்று நான் அவரிடம் கேட்டது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். அவருக்கும் அது செவிவழிச் செய்திதான். அங்கே ஆட்டம் சில நிமிடங்கள் முன்னதாகவே முடிந்திருந்தது. ரசிகர்கள் களத்தில் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். அப்போதுதான் யார் யார் காதிலோ இருந்த ரேடியோவில் கார்லைல் கோல்கீப்பர் அடித்த கோல் வந்து சேர்ந்தது.

இதில் என் மனதை இன்றுவரை அறுக்கும் ஒன்று இருக்கிறது. ஸ்கார்பரோ லீக்குக்குள் வந்த வழியும் இப்படிப்பட்டதுதான். 1986 வரை லீக்கின் கதவு ஏறத்தாழ மூடியே கிடந்தது. கடைசி நான்கு அணிகள் மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கும், மற்ற கிளப்புகள் ஓட்டுப் போடும், பெரும்பாலும் பழைய அணிகளே நீடிக்கும். 1986-87 சீசனில்தான் கடைசி அணி தானாக இறங்க வேண்டும், கீழ்ப் போட்டியில் முதலில் வந்த அணி தானாக ஏற வேண்டும் என்ற விதி வந்தது. அப்படி ஏறிய முதல் அணி நீல் வார்னாக் பயிற்சியளித்த ஸ்கார்பரோ. இறங்கிய முதல் அணி லிங்கன் சிட்டி.

லிங்கன் இறங்கிய கதையும் வேறொரு மைதானத்தில் எழுதப்பட்டது. 1987 மே 9 அன்று டார்கி அணி சொந்த மைதானத்தில் குரூவிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. காவல் பணிக்கு வந்திருந்த பிரின் என்ற போலீஸ் நாய் ஜிம் மெக்னிக்கல் என்ற டார்கி வீரரின் தொடையைக் கடித்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்த நேரத்துக்கு ஈடாக நடுவர் ஆட்டத்தை நீட்டினார். அந்த நேரத்தில் பால் டாப்சன் சமன் கோலை அடித்தார். டார்கி தப்பியது, எங்கோ இருந்த லிங்கன் லீக்கை இழந்தது. லிங்கன் ரசிகர்கள் அந்த நாயைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் வேறு ஊரில் விழுந்த ஒரு கோலால் லிங்கன் வெளியேறியது, ஸ்கார்பரோ உள்ளே வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கடைசி நிமிடத்தில் வேறு ஊரில் விழுந்த ஒரு கோலால் ஸ்கார்பரோ வெளியேறியது.

இரண்டு மைதானங்களும் ஒன்றாகிவிட்ட நாளும் உண்டு. 1997 மே மாதம் ஹெரஃபர்டும் பிரைட்டனும் கடைசி நாளில் நேருக்கு நேர் மோதின. தோற்பவர் வெளியே. பிரைட்டனின் கோல்ட்ஸ்டோன் மைதானம் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. திரும்பிப் போக அவர்களுக்கு வீடே இல்லை. ராபி ரைனெல்ட் அடித்த கோலால் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. புள்ளிகள் சமம். அன்றைய விதிப்படி அதிக கோல் அடித்திருந்த பிரைட்டன் தங்கியது. இருபது ஆண்டில் அவர்கள் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். ஹெரஃபர்ட் யுனைடெட்டை 2014 டிசம்பரில் நீதிமன்றம் கலைத்தது. ரசிகர்கள் புதிய கிளப்பைத் தொடங்கி அடியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஸ்கார்பரோவுக்கும் அதே கதிதான். 1999-க்குப் பின் அவர்கள் லீக்குக்குத் திரும்பவே இல்லை. 2004 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் அணியான செல்சி அவர்கள் மைதானத்துக்கு வந்து ஒரே ஒரு கோலில் தப்பித்துப் போனது. அதுதான் கடைசிப் பெருநாள். கடன் கழுத்தை நெரித்தது. மைதானத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று பார்த்தால், அந்த நிலத்தை விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பழைய ஒப்பந்தம் ஒன்று குறுக்கே நின்றது. 1879-இல் தொடங்கிய கிளப் 2007 ஜூனில் கலைக்கப்பட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தரமிறக்கம் வலிக்கும், ஆனால் அதில் அநியாயம் இல்லை. 46 ஆட்டங்கள் ஆடி, புள்ளி போதாமல் இறங்குகிறோம். மறுபடி ஏற வழி இருக்கிறது. 2004-இல் கார்லைல் இறங்கியது. அடுத்த ஜனவரியில் பெருவெள்ளம் வந்து புரன்டன் பார்க்கை மூழ்கடித்தது. இருந்தும் அந்த மே மாதமே ஸ்டீவனேஜை வென்று லீக்குக்குத் திரும்பியது. என் கோபமெல்லாம் களத்துக்கு வெளியே ஊர்களை விழுங்குகிறவர்கள் மீதுதான். பரி கிளப் 2019 வசந்தத்தில் லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மேலேறியது. ரசிகர்கள் கொண்டாடி முடித்த நான்கே மாதத்தில், ஆகஸ்டில், பணச் சிக்கலால் லீக் அந்தக் கிளப்பையே வெளியேற்றியது. மேலேறிய அணிக்கு மேல் அடுக்கில் ஒரே ஓர் ஆட்டம்கூட வாய்க்கவில்லை. எங்களுக்குத் தெற்கே இருக்கும் மோர்கம் பதினெட்டு ஆண்டுகள் லீக்கில் இருந்துவிட்டு 2025-இல் இறங்கியது. அந்தக் கோடையில் நேஷனல் லீக்கே அதை இடைநீக்கம் செய்தது. ஊழியர்கள் சம்பளமில்லாமல் தவித்தார்கள். ஆகஸ்டில் சீக்கியர்கள் தலைமையிலான ஒரு குழு கிளப்பை வாங்கிக் காப்பாற்றியது. பட்டியலின் அடியில் இருப்பதற்கும் இல்லாமலே போவதற்கும் உள்ள தூரத்தை இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2023 மே 28 அன்று பெரியவரும் நானும் வெம்ப்ளியில் இருந்தோம். லீக் டூவில் முதல் மூன்று அணிகள் நேரடியாக ஏறும். நான்கு முதல் ஏழு வரை வந்தவர்கள் பிளே-ஆஃப் ஆடி, இறுதிப் போட்டிக்கு வெம்ப்ளி வருவார்கள். எதிரே ஸ்டாக்போர்ட். ஒன்றுக்கு ஒன்று சமன், பிறகு பெனால்டிகள். டெய்லர் சார்ட்டர்ஸ் கடைசிப் பந்தை வலைக்குள் அனுப்பியதும் பெரியவர் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்தபடி நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கம் கண்ணில் பட்டது. ஸ்டாக்போர்ட் பகுதி அதற்குள் காலியாகிக்கொண்டிருந்தது. மேல் வரிசையில் ஓர் அப்பா, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி படியாக இறங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய அரங்கில் எனக்கு அவர்கள் இருவர் மட்டுமே தெரிந்தார்கள். ஸ்டாக்போர்ட் ஒரு காலத்தில் ஆறாம் அடுக்கு வரை விழுந்து எழுந்து வந்த ஊர்.

அடுத்த ஆண்டே அவர்கள் லீக் டூவில் முதலிடம் பிடித்து ஏறினார்கள். நாங்கள் லீக் ஒன்னில் கடைசி இடம் பிடித்து இறங்கினோம். அதற்கடுத்த ஆண்டு இன்னும் கீழே. 2025 வசந்தத்தில் ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் மறுபடி ஏறியது. இப்போதெல்லாம் இரண்டு அணிகள் இறங்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியவர் பேனாவை எடுப்பார். மார்ச்சில் கணக்கு நீளமாக இருந்தது, ஏப்ரலில் குறுகியது. பிறகு ஒரு மாலை, சீசன் முடியும் முன்பே, ரேடியோவில் முடிவு தெரிந்தது. அவர் எழுந்து போய்க் காகிதத்தைப் பிரித்தெடுத்தார். கிழிக்கவில்லை. நான்காக மடித்து பிஸ்கட் டப்பாவில், உடைந்த கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பேரனின் படத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். "தேநீர் போடட்டுமா, மர்ரா?" என்றார். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டி, அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட்டை என்றைக்கு விற்கத் தொடங்குவார்கள் என்று கைபேசியில் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

அந்த இரண்டு வீழ்ச்சிகளுக்கும் முன், 2023 இலையுதிர்காலத்தில், நான் ஸ்கார்பரோவுக்குப் போனேன். வெம்ப்ளியில் பார்த்த அந்த அப்பாவும் குழந்தையும் என்னை விடவில்லை என்பதுதான் காரணம். பெரியவரையும் அழைத்தேன், "அந்த ஊருக்கு எந்த முகத்தோடு போவது?" என்று மறுத்துவிட்டார். நியூகாசிலில் ஒரு ரயில், யார்க்கில் ஒரு ரயில் மாறினேன். ஊருக்குள் போகும் சீமர் சாலையில் பழைய மைதானம் இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே சூப்பர் மார்க்கெட் நிற்கிறது. கிளாஸின் கோலைக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் உறைந்துபோய் நின்ற புல்தரை எந்த இடமாக இருக்கும் என்று வாகன நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நடந்து பார்த்தேன். பால் வாங்கி வந்த ஒருவர் காரின் பின்கதவை மூடிக்கொண்டிருந்தார்.

கிளப் கலைந்த 2007-லேயே ரசிகர்கள் கூடி ஸ்கார்பரோ அத்லெடிக் என்ற புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். பத்தாம் அடுக்கில் ஆரம்பம். சொந்த ஊரில் மைதானம் இல்லை. முப்பது கிலோமீட்டர் போல தள்ளியுள்ள பிரிட்லிங்டனில் பத்து ஆண்டுகள் 'சொந்த' ஆட்டங்களை ஆடினார்கள். பத்து ஆண்டுகள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் ஊர் திரும்பினார்கள். 2022-இல் ஆறாம் அடுக்கை எட்டினார்கள்.

அன்று சனிக்கிழமை ஆட்டம் இருந்தது. கடற்காற்று காதை அறுத்தது. என் பக்கத்தில் நின்றிருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். சிவப்பு மஃப்ளர், கையில் ஃபிளாஸ்க். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கார்லைல் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு களத்தைப் பார்த்தார்.

"நான் களத்துக்குள்தான் இருந்தேன்" என்றார் சற்று நேரம் கழித்து. "என் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன். அவளுக்கு ஏழு வயது. ஒரு பக்கத்திலிருந்து சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது, ஏனப்பா எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டாள்."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது என்று மட்டும் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டார். சொன்னேன். கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறாரா என்று கேட்டார். வைத்திருக்கிறார் என்றேன். தலையசைத்தார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஸ்கார்பரோ ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கார்னர் கிடைத்தது. அவர்களுடைய கோல்கீப்பர் தன் இடத்தை விட்டுவிட்டு எங்களைக் கடந்து எதிர்க் கோலை நோக்கி ஓடினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பக்கத்தில் இருந்தவர் களத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பந்து உயர்ந்து வந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தலையால் முட்டி வெளியே தள்ளினார். கோல்கீப்பர் தன் கோலுக்குத் திரும்பி ஓடத் தொடங்கினார்.

"இல்லை" என்றேன்.

அவர் திரும்பி ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்து, மூடியிலேயே தேநீரை ஊற்றி என்னிடம் நீட்டினார்.